கோபத்தை அடக்கணுமாம். யார்?

எங்கள் பள்ளி வராண்டாவில் ஒரு டீச்சரைக் கரஸ்பாண்டென்ட் (பள்ளியை நிர்வகிப்பவர்) கத்திய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை ஆசிரியர்கள் எங்களை உட்காரவைத்து 'உணர்ச்சி மேலாண்மை' என்று ஒரு வகுப்பு எடுத்தார்களே, அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. (பள்ளி பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். எனக்கும் வீட்டு லோன் இருக்கிறது.)

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்ட ஒரு மிஸ்ஸை, ஃபீஸ் கட்ட வந்த பெற்றோர் முன்னால் நிறுத்திவைத்துக் கரஸ்பாண்டென்ட் கத்தினார். அவர் கத்தினார், இவர் அழுதார். இந்த இருவரில் யாருக்குப் பயிற்சி தேவை என்று நிர்வாகம் யோசித்தது. அழுதவருக்குத்தான் என்று முடிவு செய்தது. துணைக்கு நாங்கள் எல்லோரும். கத்தியவர் வரவேற்புரை வழங்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வந்த பயிற்சியாளர் மோசமானவர் இல்லை. நன்றாகப் பேசினார், சிரிக்கவைத்தார். மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார், அது நல்ல விஷயம்தான். அப்புறம் அந்த மிஸ்ஸை எழுந்து நிற்கச் சொல்லி, "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க மேடம்?" என்று கேட்டார். அவர் ஐடி கார்டு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு, "நல்லா இருக்கேன் சார்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். கத்தினதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரையில் ஒரு குறள் போட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததுதான், 'தன்னையே கொல்லுஞ் சினம்'. நல்ல குறள். ஆனால் அதே வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்த எடுப்பிலேயே சொல்வது வேறு: 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்'. எங்கே உன் கோபம் பலிக்குமோ அங்கே அடக்கு, அதுதான் அடக்கம். பலிக்காத இடத்தில் நீ அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அடுத்த அடியில் கேட்டேவிடுகிறார். 301ஆம் குறள். அதைத் திரையில் போட்டிருந்தால் வகுப்பை மாடியில் உள்ள கரஸ்பாண்டென்ட்டின் ஏசி அறையில்தான் நடத்தியிருக்க வேண்டும்.

"அடுத்த குறளையும் படிங்க மேடம், 'செல்லா இடத்துச் சினந்தீது'" என்று தமிழாசிரியர் யாராவது வருவார். படித்திருக்கிறேன் ஐயா. பலிக்காத இடத்தில் கோபம் கெடுதல் என்று தொடங்கினாலும், அது முடிவதும் 'செல்லிடத்தும் இல்அதனின் தீய பிற' என்றுதான். பலிக்கிற இடத்திலும் அதைவிடக் கெட்டது வேறில்லையாம். அந்தப் பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எங்கள் அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் அவருக்கு 'முன்கோபி' என்று பெயர். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு சுவர்வரைக்கும் போகும். சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டியின் ஸ்டாண்டை அவர் உதைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தை அம்மா கணித்துவிடுவார். மெதுவாகப் போட்டால் காபி. படாரென்று போட்டால் நாங்கள் புத்தகத்தோடு பின்கட்டுக்கு. "அவர் சுபாவம் அப்படி, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்" என்று பாட்டி, அத்தை, எல்லோரும் சொல்வார்கள். ஒருமுறை அவரோடு அலுவலகம் போனேன். அவரைவிட வயதில் சின்ன அதிகாரி ஒருவர் ஃபைலை மேஜைமேல் வீசி, வாய்க்கு வந்தபடி பேசினார். அப்பா "சரிங்க சார், பார்த்துடறேன் சார்" என்று புன்னகையோடு அதை எடுத்துக்கொண்டார்.

முன்கோபமாம். உலகத்திலேயே உணர்ச்சி மேலாண்மை நன்றாகத் தெரிந்தவர் எங்கள் அப்பாதான். எங்கே காட்டலாம், எங்கே காட்டக்கூடாது என்று துல்லியமாகத் தெரிந்தவர். கட்டுப்படுத்த முடியாத கோபம் என்று நாம் பெருந்தன்மையாக மன்னித்துவிடுவதில் பெரும்பாலானது இந்த ரகம். மேலதிகாரி முன்னால் அடங்குகிற கோபம் மனைவி முன்னால் மட்டும் அடங்காதா?

பெற்ற அப்பாவை இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: அம்மா பட்டதும் கூடத்தில்தான், அக்கம்பக்கம் கேட்க.

"அப்போ எல்லாரும் கத்திக்கிட்டே இருக்கணுமா?" இது நியாயமான கேள்வி. இல்லை. கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் போய்விடும் என்பதும் உண்மையில்லை. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையில் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது என்று பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார். ஆனால் விழுங்குவதும் மருந்தில்லை. எமிலி பட்லர், ஜேம்ஸ் கிராஸ் முதலானோர் 2003ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதை உலுக்கும் ஒரு படத்தைக் காட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். எதிரே இருந்தவருக்கு இது தெரியாது. ஆனால் அவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. "நல்லா இருக்கேன் சார்" என்று எங்களைச் சொல்லவைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குள் அனுப்புகிறீர்களே, அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

நடுவில் இருக்கிற வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எனக்கு இப்போது அவமானமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது, இதை நீங்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எதிரே இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். சொன்னதற்காக அடுத்த வருஷம் வேலை போகக்கூடாது. முதல் பாதியை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டாவது பாதி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வகுப்பில்லை. அவர் கத்தலாம். டென்ஷனாம், பொறுப்பு அதிகமாம். எங்களுக்கு டென்ஷன் வந்தால் அது ஓவர் எமோஷன்.

'டீச்சர்னா பொறுமை வேணும், ஓவரா ஃபீல் பண்ணா இந்த வேலைக்கு வரக்கூடாது' என்று போன பதிவில் ஓர் அண்ணன் கமெண்ட் போட்டிருந்தார். அதற்கு எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்தே ஹார்ட் விழுந்திருக்கிறது. அன்று அந்த மிஸ் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டபோது கதவருகே என்னோடு நின்றவர் போட்ட ஹார்ட். பரவாயில்லை, அவருக்கும் லோன் இருக்கும்.

உனக்கு அப்பா மேல் உள்ள கோபத்தை நிர்வாகத்தின் மேல் காட்டுகிறாய் என்று சொல்ல யாராவது தயாராக இருப்பீர்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. அதனால் வராண்டாவில் நடந்தது சரியாகிவிடாது. பங்கேற்புச் சான்றிதழை எல்லோரும் ஸ்டேட்டஸில் வைக்கச் சொல்லி ஸ்டாஃப் குரூப்பில் செய்தி வந்திருக்கிறது. நான் வைக்கவில்லை. கேட்டால் நெட் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.