வில்லி மேஸ் சிக்கன் கடை கத்ரீனாவோட போச்சா? இல்லங்க

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த பொரிச்ச சிக்கன் கடை வில்லி மேஸ் ஸ்காட்ச் ஹவுஸ் 2005 கத்ரீனா புயல்ல அழிஞ்சு நிரந்தரமா மூடிட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, பாதிதான் உண்மை.

வெள்ளம் புகுந்து கடை நாசமானது நிஜம். அதுவும் அந்த வருஷம் மே மாசம்தான் ஜேம்ஸ் பியர்ட் அவார்டு (அமெரிக்காவுல சாப்பாட்டுத் துறைக்குக் குடுக்குற பெரிய விருது) வாங்குறாங்க, ஆகஸ்ட் கடைசியில புயல், கொடுமை பாருங்க. ஆனா சதர்ன் ஃபுட்வேஸ் அலையன்ஸ்ங்கிற அமெரிக்கத் தென்பகுதி சாப்பாட்டுக் கலாச்சார அமைப்போட ஆளுங்களும் வாலன்டியர்களும் கைகோத்து திரும்ப கட்டி 2007ல கடை திறந்தாச்சு, அப்புறம் கடைய ஆரம்பிச்ச வில்லி மே சீட்டன் அம்மாவோட கொள்ளுப்பேத்தி பொறுப்பெடுத்து நடத்துனாங்க. அம்மா 2015ல 99 வயசுல காலமானாங்க.

2023 ஏப்ரல்ல தீ விபத்தாகி செயின்ட் ஆன் தெரு பழைய கடை மூடுனது வேற கதை, யாரோ ரெண்டையும் குழப்பிட்டாங்க போல. அதுக்கப்புறமும் 2024ல பாரோன் தெருவுல புதுசா திறந்துட்டாங்க.

இன்னொன்னு, "1957லேர்ந்தே சிக்கன் கடை"ன்னும் அந்த ஃபார்வர்ட்லயே போட்டிருக்கு. இல்ல, அப்போ அது பார், பேர்ல ஸ்காட்ச் சும்மா வரல, ஸ்காட்ச்ல பால் கலந்து குடுப்பாங்களாம் (நமக்கு கேக்கவே ஒரு மாதிரி இருக்கு). சாப்பாட்டுக் கடையா மாறுனது 1970கள்ல. சிக்கனும் காஞ்ச மாவுல புரட்டுறது இல்ல, நம்ம பஜ்ஜி மாதிரி கரைச்ச மாவுல முக்கி பொரிக்கிறது, அதான் அந்த மொறுமொறுப்பு.