கத்திரி வெயிலில் தக்காளி கேட்காதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், மாடித்தோட்டக்காரர்களிடம் ஒரே புலம்பல்தான். "தக்காளி பூக்குது, ஆனா எல்லாம் கொட்டிடுது. என்ன ஊத்தலாம்?" உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், புளித்த மோர், பெருங்காயத் தண்ணீர். எல்லாம் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ கொட்டத்தான் செய்யும். மே மாதச் சென்னையில் ராத்திரி எப்படி இருக்கும் என்று மொட்டைமாடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கு எந்தக் கரைசலும் மருந்தில்லை.

வெயிலோடு மல்லுக்கட்டாமல், வெயில் பிடித்த செடிகளை வையுங்கள் என்பதுதான் என் கட்சி. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பாகல், பீர்க்கு, சுரை. எங்கள் மாடியில் இப்போது வெண்டை ராஜ்யம். இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும் என்பதால் நிம்மதியாக ஊருக்குப் போக முடிவதில்லை, அது வேறு கதை.

சுரைதான் என் செல்லம். அதன் வெள்ளைப் பூ சாயங்காலம்தான் விரியும். தேனீயெல்லாம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். அந்துப்பூச்சி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாம்தான். ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். அடியில் குட்டிச் சுரைக்காய் இருந்தால் அது பெண் பூ. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "விளக்கு வைக்கிற நேரத்துல பூவைப் பறிக்கிறியேப்பா!" என்று பதறினார். என்ன செய்ய, அது பூப்பதே அப்போதுதானே அக்கா! பிஞ்சு கருகாமல் பருக்க ஆரம்பித்துவிட்டால் வரும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

எரிச்சல் என்றால் மாவுப்பூச்சி. செம்பருத்தியில் எறும்பு சாரை சாரையாக ஏறினாலே உஷாராகிவிட வேண்டும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடியுங்கள், ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். கண்ட விஷத்தையும் அடிக்காதீர்கள். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி. நாம் அடிக்கும் விஷத்தில் அந்த மாதிரிக் குளவிகளும் சேர்ந்தே சாகும்.

மாடி முழுக்கப் பச்சை வலை கட்டுவதும் எனக்கு ஒப்பாது. கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத நிழல்வலை சரி, வெண்டைக்கு எதற்கு? அந்தக் காசில் செடிப் பையின் மண்மேல், ஈரம் காயாமலிருக்கக் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டுவிட்டு மீதியை மிச்சம் பிடிக்கலாம். 2019இல் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

தக்காளிக்கு ஆடியில் விதை போடுங்கள். அதுவரை கோயம்பேட்டில் என்ன விலை சொன்னாலும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.