வாடகைக்கு யார் பணம் தருவார்கள்?
சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், இருக்கும்வரை தொண்டு நிறுவனங்கள் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்கிறது இந்தக் கட்டுரை. தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன டிரஸ்டில் இருப்பவன் நான். என் அனுபவம் வேறு. ஒரு பெரிய அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையில் எங்களுக்கும் ஒரு பங்கு தந்துவந்தது. 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவு பெற்ற அமைப்பு, பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குக்கூட அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது என்றானது. அத்தோடு அது நின்றது. சரி, உள்ளூர் கம்பெனிகளைக் கேட்போம் என்று போனால், பெயர் அச்சடித்த பை, டேப்லெட் எல்லாம் தருகிறார்கள், கூடவே போட்டோகிராபரும் வருகிறார். அறை வாடகை, டீச்சர் சம்பளம் என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இங்கே மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘சம்பளம் வாங்கினால் அது சேவையா?’ என்று கேட்டிருக்கிறார். ஐயா, எங்கள் டீச்சர் பகலில் இட்லி மாவு அரைத்து விற்கிறார், மாலையில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். சிஎஸ்ஆருக்கு மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது, அதை எதற்குச் செலவிடுவது என்று பேசும் ஹோட்டல் கூட்டங்களுக்கு அவரை ஒருமுறையாவது கூப்பிட்டார்களா?