வேலி போட்டால் கரை நிற்குமா?

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில், ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருக்கும் ஒன்ராறியோ ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு கல் சரிந்தது. ஒரேயொரு கல். அலையைத் தாங்குவதற்காகச் சரிவாக அடுக்கப்பட்டிருந்த பாறைகளில் மேலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்த அது, இரவு முழுவதும் அடித்த கிழக்குக் காற்றுக்குப் பின் ஒரு முழ தூரம் தண்ணீர்ப் பக்கமாக இறங்கிக் கிடந்ததை, மறுநாள் காலை அம்மாவோடு நடக்கப்போனபோது கண்டேன். அன்றே பொறுப்பான அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். ஒரு பதிவெண் தந்தார்கள். அந்தப் பதிவெண் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கரைதான் இல்லை.

முதல் ஆண்டு அங்கே ஒரு செம்மஞ்சள் கூம்பு வைத்தார்கள். அடுத்த வசந்தத்தில், நடைபாதை ஓரத்துப் புல்வெளியில் வாளி அளவுக்கு ஒரு குழி விழுந்ததும், கூம்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வலை கட்டினார்கள். குழி கிணறு போலானதும் வலை போய்க் கம்பி வேலி வந்தது. சென்ற குளிர்காலத்தில் அந்த வேலியின் இரண்டு தூண்களும் அடியில் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கின. இப்போது பத்து அடி பின்தள்ளி இன்னொரு வேலி போட்டிருக்கிறார்கள். வேலி பின்வாங்கப் பின்வாங்க ஏரி முன்னேறுகிறது. ஒவ்வொரு முறையும் வேலியைச் சுமந்துவர வாகனமும் ஆட்களும் கிடைக்கிறார்கள். சரிந்த கல்லைத் தூக்கி வைக்க மட்டும் யாரும் கிடைக்கவில்லை.

ஒரு கல் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்தக் கரைக்காப்பு ஒரு சுவர் அன்று. மேலே தெரிகிற பாறைகள் ஒவ்வொன்றும் தொன் கணக்கில் எடையுள்ளவை. அவற்றின் கீழே சிறிய கற்கள், அதற்கும் கீழே மண்ணைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் கசியவிடும் வடிகட்டித் துணி என்று அடுக்கடுக்காக அது கட்டப்பட்டிருக்கும். பெரிய பாறை அலையின் வேகத்தை உடைக்க, சிறிய கற்கள் மிஞ்சியதை உறிஞ்ச, துணி மண்ணைக் காக்கும். பாறைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருப்பதுதான் இவ்வளவுக்கும் உயிர். ஒன்று விலகினால் பக்கத்திலிருப்பதற்குப் பிடி தளர்கிறது. அந்த இடைவெளி வழியாகப் புகும் அலை திரும்பிப் போகும்போது சிறு கற்களை இழுத்துக்கொண்டு போகிறது. கற்கள் போன இடத்தில் துணி கிழிகிறது. துணி கிழிந்த பின் ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மண்ணோடுதான் திரும்புகிறது. மேலே புல் பச்சையாக இருக்கும், நடைபாதையும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் அடியில் பொந்து வளர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் அது திடீரென்று இறங்கும்போது, "எதிர்பாராத சரிவு" என்று அறிவித்தல் ஒட்டுகிறார்கள். எதிர்பாராதது என்ற சொல்லைப் படிக்கும்போதே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. பதிவெண் வாங்கி வைத்துக்கொண்டு எதிர்பார்க்கச் சொன்னவன் நான்.

அத்தோடு இந்தக் கரைக்கு வயதாகிவிட்டது. தண்ணீர் பாறையின் வெடிப்புக்குள் புகுந்து உறையும்போது விரிவடைகிறது. குளிர்காலத்தில் பலமுறை உறைந்து உருகுவதால் நல்ல பாறைகூட இரண்டாகப் பிளக்கிறது. பூங்காவின் மேற்குப் பக்கத்தில் கம்பிக் கூடைகளுக்குள் கற்களை நிரப்பி அடுக்கியிருந்தார்கள். கம்பி துருப்பிடித்து அறுந்து, கூடைகள் வயிறு கிழிந்து, கற்கள் உருண்டு போய்விட்டன. இன்னொரு மூலையில் உடைந்த கொங்கிறீற் துண்டுகளின் உள்ளிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கோடையில் பிள்ளைகள் கால் நனைக்க இறங்கும் அதே இடத்தில்.

ஒன்ராறியோ ஏரியைக் குளம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நீளம் 311 கிலோமீற்றர். ரொறன்ரோ அதன் மேற்கு முனைக்கு அருகில் இருக்கிறது. கிழக்கிலிருந்து காற்று அடிக்கும்போது அலை வளர்வதற்கு ஏரியின் பெரும்பகுதி திறந்து கிடக்கிறது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 75.88 மீற்றர் வரை உயர்ந்தது. ரொறன்ரோத் தீவுகளின் பூங்கா ஜூலை இறுதி வரை மூடப்பட்டிருந்தது. அது நூற்றாண்டில் ஒருமுறை நடப்பது என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கையில், இரண்டே ஆண்டுகளில், 2019 ஜூனில், 75.92 மீற்றரைத் தொட்டு அந்தச் சாதனையையும் ஏரி முறியடித்தது. நீர்மட்டம் இப்படி உயரும்போது, பாறையின் நடுவில் உடைய வேண்டிய அலை பாறைக்கு மேலால் பாய்ந்து, பாதுகாப்பில்லாத பின்பக்க மண்ணைக் கரைக்கிறது. ஏரித் தண்ணீர் வெளியேறும் சென். லோறன்ஸ் ஆற்றில் உள்ள மோசஸ்–சோண்டர்ஸ் அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்க வேண்டும், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய நீர்மட்டத் திட்டம்தான் காரணமா என்று அப்போது எல்லோரும் சண்டை பிடித்தார்கள். அந்த வசந்தத்தில் கொட்டிய மழையை எந்தத் திட்டத்தாலும் தடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து. அது எப்படியிருந்தாலும், இரண்டு வெள்ளங்களும் எங்கள் கரையைத் தளர்த்திவிட்டுப் போயின என்பதற்கு யாரும் நிபுணராக இருக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும். அப்போதே ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு நடந்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கரையரிப்பு இயற்கை, அதன் போக்கில் விடுவதே நல்லது" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஸ்காபரோ பிளஃப்ஸ் என்ற, சுமார் 15 கிலோமீற்றர் நீளமான அந்த மண்செங்குத்துகளிலிருந்து காலங்காலமாக அலை அரித்துக் கொண்டுபோன மணல்தான் மேற்கே நகர்ந்து நகர்ந்து ரொறன்ரோத் தீவுகளாகத் திரண்டது. அந்தத் தீவுகள்கூட 1858ஆம் ஆண்டுப் புயல் அறுத்துவிடும் வரை கரையோடு ஒட்டிய மணல்திட்டுத்தான். 1808இல் கட்டப்பட்ட ஜிப்ரால்டர் முனைக் கலங்கரை விளக்கம் அன்று தண்ணீரின் விளிம்பில் நின்றது. மணல் சேர்ந்து சேர்ந்து இன்று அது உள்ளே தள்ளி நிற்கிறது. பிளஃப்ஸின் அடியை முழுவதும் கல்லால் அடைத்தால் மேற்கேயுள்ள கரைகளுக்கு மணல் குறையும் என்பது சரியான வாதம். கட்டடமில்லாத, வெறுமையான கரையை ஏரியிடம் விட்டுவிடச் சொன்னால் நானும் கை உயர்த்துவேன்.

ஆனால் எங்கள் பூங்காவில் இயற்கை எங்கே இருக்கிறது? அது ஏரிக்குள் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மனிதர் உருவாக்கிய நிலம். அங்கே அரிக்கப்பட்டுப் போவது செங்கல், தார், கண்ணாடி, இரும்பு. அந்தக் கலங்கல் போய்ச் சேர்வது நாம் குடிக்கும் தண்ணீரை எடுக்கும் அதே ஏரிக்குள். நிலத்தைக் கொட்டி ஏரியைப் பின்தள்ளியபோது யாரும் இயற்கையைக் கேட்கவில்லை. காவலுக்கு வைத்த கல் சரியும்போது மட்டும் இயற்கையின் பெயரைச் சொல்லிக் கைகழுவுவது நேர்மையற்றது. கல்லை எடுத்தால் கரை போகும் என்பது இந்த ஏரிக்கரையில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்காரர் கரையோர ஏரிப்படுகையிலிருந்து கற்களைப் பெயர்த்து ரொறன்ரோவின் கட்டடங்களுக்கு விற்றார்கள். அதனால் தங்கள் நிலம் அரிந்து போகிறது என்று கரையோர விவசாயிகள் போராடியதன் பேரில், கரையிலிருந்து சுமார் 15 மீற்றருக்குள் கல் எடுக்கக் கூடாது என்று 1857இல் சட்டமே வந்தது. அன்றைய விவசாயிக்குத் தெரிந்தது இன்றைய அலுவலகத்துக்குத் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை. தெரிந்துகொண்டே விடுகிறார்கள்.

"நிலைமை கண்காணிக்கப்படுகிறது." நான் அனுப்பிய ஒன்பது மின்னஞ்சல்களில் ஆறுக்கு இந்த வரிதான் பதில். ஒருமுறை பேசக் கிடைத்த பொறியியலாளர் ஒருவர், பாவம், ஒளிக்காமல் சொன்னார்: "ஐயா, புதிதாகக் கட்டுவதற்கு நிதி கேட்டால் ஒரு நாள் கிடைக்கும், பழையதைத் திருத்துவதற்குக் கேட்டால் பட்டியலில் கீழே போகும்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பட்டியலை எழுதுகிறவர்கள்மேல் இருக்கிறது. வசந்தத்தில் மீன்கள் முட்டையிடும் காலத்தில் தண்ணீருக்குள் இயந்திரம் இறக்க முடியாது. அது நியாயமான விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடையும் இலையுதிர்காலமும் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகும், அனுமதிக் கடிதங்களை ஓகஸ்ட் வரை மேசையில் வைத்திருந்துவிட்டு, ஒப்பந்தகாரரைத் தேடுவதற்குள் நவம்பர்க் காற்று தொடங்கிவிட்டது என்று கைவிரித்து, மறுபடியும் ஓராண்டைத் தொலைப்பதை என்னவென்று சொல்வது? ஒரு கல்லை மீண்டும் இருத்துவது பாரந்தூக்கிக்கு ஒரு காலை நேர வேலை. இன்று துணி முதல் மேற்பாறை வரை எல்லாவற்றையும் தோண்டியெடுத்து, அடிவாரத்திலிருந்து கட்ட வேண்டும். அந்தச் செலவை நாங்கள்தான் வரியாகக் கட்டப்போகிறோம்.

என் தகப்பனார் வன்னியில் குளத்தை நம்பி வயல் செய்தவர். மாரி தொடங்குவதற்கு முன் குளக்கட்டில் நடந்து பார்ப்பது அவருக்கும் அயலவருக்கும் வேலை என்றுகூடத் தோன்றாத வழக்கம். எலிவளை தெரிந்தால் அன்றே அடைப்பார்கள், அலை அடிக்கும் பக்கத்தில் கல் விலகியிருந்தால் அன்றே இருத்துவார்கள். அங்கே அதைத் தள்ளிப்போட்டால் ஊரே பட்டினி கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே தள்ளிப்போடுகிறவரின் வீட்டில் அன்றிரவும் உணவு இருக்கும்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. வேலிக்கு அப்பால், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வாங்கு இருந்தது. ஊன்றுகோலோடு அதுவரை நடந்து, கொஞ்சம் இளைப்பாறி, திரும்பி வருவதுதான் அவரது நாளின் ஒரே வெளிப்பயணம். அந்த வாங்கின் முன்கால்கள் இப்போது மண்ணில் இல்லை. நேற்றும் அவர் வேலி வரை வந்து நின்று, "தம்பி, அதையாவது இஞ்சால எடுத்துப் போட மாட்டினமோ?" என்று கேட்டார். அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன், பத்தாவது மின்னஞ்சலில். இன்னொரு பதிவெண் வந்திருக்கிறது.