அந்த வீடியோவ ஷேர் பண்றவங்களுக்கு

ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்றீங்களே, அந்த வீடியோவ நானும் பாத்தேன். பந்தோபஸ்துக்கு வந்த ஒரு போலீஸ்காரப் பொண்ணு, பூட்டின கடைப் படியில உக்காந்து தொப்பிய மடியில வச்சுக்கிட்டு பொட்டலத்தப் பிரிச்சு சாப்பிடுது, அதுக்கு 'டியூட்டில சாப்பாடு நடக்குது'ன்னு சிரிப்பு பொம்மை. மணி என்னன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? நிழல் எவ்ளோ நீளமா விழுது பாருங்க, நாலு ஆகியிருக்கும். அதுதாங்க அந்தப் பொண்ணோட மதியச் சாப்பாடு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. சாப்பிட அரை மணி நேரம், அந்த நேரத்துக்கு அவங்க காவல் நிக்கிற இடத்துல மாத்தி நிக்க ஒரு ஆளு. இது எழுத்துல ரூல்ஸா இருக்கணும். இன்ஸ்பெக்டர் நல்லவரா இருந்தா சோறு, இல்லன்னா பட்டினின்னு இருக்கக் கூடாது.

ஃபேக்டரில தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாச்சும் ஓய்வு விடணும்னு 1948 சட்டத்துலயே எழுதி வச்சாங்க. ஜவுளிக்கடைப் பிள்ளைங்க உக்கார சீட்டு போடணும்னு 2021-ல நம்ம தமிழ்நாட்டுலயே சட்டம் திருத்துனாங்க, மனசுக்கு அவ்ளோ நிறைவா இருந்துச்சு. போலீஸ்காரன் மட்டும் எப்பவுமே டியூட்டில இருக்கிறதா தான் அர்த்தம்னு வெள்ளைக்காரன் 1861-ல எழுதி வச்சான், அந்த நெனப்பு இன்னும் போகல. மத்தவங்க மாதிரி சங்கம் வச்சு கேட்டுக்கவும் முடியாது, அதுக்கு 1966-லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க.

எங்கப்பா ஏட்டா இருந்து ரிடையர் ஆனவர். அம்மா அவருக்குப் புளிசாதம் தான் கட்டுவாங்க, ஏன்னா அதுதான் சாயங்காலம் வரைக்கும் ஊசாது. சில நாள் ராத்திரி டிபன் பாக்ஸத் தொறந்தா கட்டினது கட்டினபடியே இருக்கும், மேல வச்ச அப்பளம் மட்டும் நமுத்துப்போயி. அம்மா ஒண்ணும் சொல்லாம கொண்டுபோயி மாட்டுத் தொட்டில கொட்டுவாங்க. வயித்துப்புண்ணு வந்து படுத்தப்போ டாக்டர் 'நேரத்துக்கு சாப்பிடுறதில்லையா'ன்னு கேட்டாரு, அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, ஏதோ இவரு தப்பு பண்ண மாதிரி.

'ஓசில பிரியாணி திங்கிறவங்க தானே'ன்னு கமெண்ட் வரும், தெரியும். திங்கிறவன் மேல நடவடிக்கை எடுங்க, நானும் கூட வந்து புகார்ல கையெழுத்து போடுறேன். ஆனா எவனோ ஓசில தின்னதுக்கு எங்கப்பா ஏங்க பட்டினி கிடக்கணும்? 25 வருஷம் அந்தப் புளிசாதத்தப் பாத்தவ நான், என்கிட்ட வந்து ஓசின்னு சொல்லாதீங்க. லாக்கப்புல அடிக்கிறாங்களேன்னா, சாத்தான்குளத்துக்கு நானும் தான் அழுதேன், அதுக்கு ஜெயில் வேணும், அது வேற.

அவசர வேலைன்னு சொல்றீங்க. பதினோரு மணிக்கு வர்ற தலைவருக்கு விடியக்காலம் அஞ்சுக்கே ரோட்டுல நிக்க வைக்கிறது என்னங்க அவசரம்? என் கூடப் படிச்சவ ஒருத்தி ஏ.ஆர்ல, அதாங்க ஆயுதப்படை போலீஸ்ல இருக்கா, பந்தோபஸ்து அன்னிக்கு தண்ணியே குடிக்க மாட்டாளாம், குடிச்சா பாத்ரூமுக்கு எங்கடி போறதுங்கிறா. முதல்வர் போற வழியில பெண் போலீஸ ரோட்டோரம் நிறுத்த வேணாம்னு 2021 ஜூன்ல டிஜிபி உத்தரவு போட்டாரே, ஒரு தாள்ல எழுதினா நடக்குதுல்ல? அதே மாதிரி சோத்துக்கும் எழுதுங்க.

அப்பா இப்பவும் அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டு எழுந்திருச்சுடுறாரு. மெதுவா சாப்பிடுங்கப்பான்னா 'பழகிருச்சும்மா'ங்கிறாரு.

அந்த வீடியோவ போட்டவங்க எடுத்துடுங்க. அந்தப் பொண்ணுக்கும் பொட்டலம் கட்டிக் குடுத்த அம்மா ஒருத்தி வீட்டுல இருப்பா.