5ஜி கைபேசியும் சிக்னலும்
5ஜி கைபேசி வாங்கினால் இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் சிக்னல் தானாகக் கூடிவிடும் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அருகிலுள்ள கோபுரம் 4ஜி மட்டுமே தருமாயின், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய 5ஜி கைபேசியும் அங்கே 4ஜியில்தான் இயங்கும். அத்துடன், 5ஜிக்குப் பல நாடுகளில் பயன்படும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலைகள், அதிர்வெண் குறைந்த 900 மெகாஹேர்ட்ஸ் அலைகளைப்போலத் தொலைவுக்குச் செல்வதுமில்லை, சுவர்களை எளிதில் ஊடுருவுவதுமில்லை. கோபுரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது எந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டில் நன்றாகக் கிடைக்கிறது என்பதையே. அதற்கு அயலவரின் சிம்மைச் சற்றுநேரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தாலே போதும். தகரக் கூரை அலைகளைத் தடுக்குமாதலால், முற்றத்தில் நன்றாகவும் உள்ளே மோசமாகவும் இருந்தால், புதிய கைபேசியைவிட வெளி அன்டெனா பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டரே பயன்தரும்.