பர்மிங்காமில் 18 நெடுஞ்சாலைகள் சந்திக்கவில்லை

'இங்கிலாந்தின் ஸ்பகெட்டி ஜங்ஷனில் 18 நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. உள்ளே போனால் வழி தப்பிவிடும்' என்று ஒரு படம் பகிரப்படுகிறது. இது தவறு.

ஸ்பகெட்டி ஜங்ஷன் என்பது பட்டப்பெயர். இந்தச் சாலைச் சந்திப்பின் அசல் பெயர் கிராவெல்லி ஹில் சந்திப்பு. பர்மிங்காம் நகர மையத்துக்கு வடகிழக்கே, எம்6 சாலையின் 6ஆவது சந்திப்பு. 1972 மே மாதம் திறக்கப்பட்டது. இங்கே இருக்கும் மோட்டார்வேக்கள், அதாவது அதிவேக நெடுஞ்சாலைகள், இரண்டுதான்: எம்6, ஆஸ்டன் விரைவுச்சாலை. மற்றவை சாதாரணச் சாலைகள். 18 என்பது போகக்கூடிய வழித்தடங்களின் எண்ணிக்கை. அதுதான் சாலைகளின் எண்ணிக்கையாகத் திரிந்துவிட்டது.

வழி தப்பும் பயமும் வேண்டாம். எம்6இல் நேராகப் போகிறவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் கடந்துவிடலாம்.

உண்மையான அதிசயம் கீழே இருக்கிறது. 559 கான்கிரீட் தூண்களுக்கு நடுவே ரயில் பாதைகளும் ஆறுகளும் கால்வாய்களும் ஓடுகின்றன. கால்வாய்க் கரையில் நடக்கும் குதிரை இழுக்கும் படகின் கயிறு சிக்காதபடி தூண்களை இடம் பார்த்து நட்டிருக்கிறார்கள். பகிர வேண்டிய செய்தி அதுதான்!